பெரிய வண்ணக் கண்ணாடி பேனல்: கோளாறின் அறிகுறியும் அதன் காரணமும்

வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைக்கும்போது கண்ணில் படும் குறைகளில் பெரும்பாலானவை பற்றவைப்பில் பிறந்தவை அல்ல. இடுக்கு வழியே ஈயம் ஒழுகினால் வெட்டியதில் பிழை. நாடா உரிந்தால் கழுவியதில் பிழை. முடித்த பேனல் தூக்கும்போது மடங்குகிறதா, பென்சிலால் கோடு போட்ட நாளிலேயே பிழை நடந்துவிட்டது. இருபது துண்டுள்ள சிறு வேலையில் இது உறைக்காது. ஒரு துண்டை மாற்றினால் தீர்ந்தது. முந்நூறு துண்டுள்ள மூன்றடி பேனலில் ஒவ்வொரு பிசகும் அடுத்த கட்டத்தின் தலையில் ஏறும். அதனால்தான் கீழே ஒவ்வோர் அறிகுறியையும் பின்னோக்கிப் பார்க்கிறேன். மருந்து அதற்குப் பிறகு.

இங்கே பேசுவது செம்பு நாடா முறை. ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் விளிம்பிலும் பசையுள்ள மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றி, அந்த நாடாக்களை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் இணைப்பது. அமெரிக்காவில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபானியின் பட்டறையில் செய்த விளக்குகளும் சாளரங்களும் புகழ்பெறச் செய்த முறை இது. நுணுக்கமான வளைவுகளுக்கும் சிறு துண்டுகளுக்கும் இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை. தேவாலயச் சாளரங்களில் உள்ள தடித்த ஈயச் சட்ட முறையின் நோய்கள் வேறு. தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைத் தொட்டுச் செல்கிறேன். கண்ணாடியின் தடிமன் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு முன்னெச்சரிக்கை: பற்றாசில் ஈயம் இருக்கிறது. சமையல் மேசையில் இந்த வேலை வேண்டாம். சாப்பிடுமுன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். புகை முகத்துக்கு வராமல் வெளியே போகட்டும். கண்ணாடித் தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் வேலை அறைக்குப் பூட்டு அவசியம்.

கீறிய கோட்டை விட்டு உடைப்பு வேறு பக்கம் ஓடுகிறது

முதலில் காதால் சோதியுங்கள். சரியான அழுத்தத்தில் கட்டர் சக்கரம் சீரான மெல்லிய 'ஸ்ஸ்' ஒலியுடன் போகும். கரகரவென்று சத்தம் வந்து, கோட்டின் இருபுறமும் வெண்மையான பொடி தெறித்தால் அழுத்தம் அதிகம். தொடக்கக்காரர்கள் 'ஆழமாகக் கீறினால் எளிதாக உடையும்' என்று எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆழக் கீறினால் விளிம்பில் பக்கவாட்டு விரிசல்கள் தோன்றி, உடைப்பு அவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

அழுத்தம் சரியாக இருந்தும் ஓடுகிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். கீறல் ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் முடிந்ததா? நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினீர்களா? போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு முறை ஓட்டினீர்களா? மூன்றாவது செய்கை கண்ணாடியோடு கட்டர் சக்கரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். கீறியபின் உடனே உடைத்துவிட வேண்டும். கீறிவிட்டு நாளைக்கு உடைக்கலாம் என்று வைத்தால் உடைப்பு முரண்டு பிடிக்கும்.

உள்வளைவு தனிப் பிரச்சினை. பிறை வடிவத்தின் உட்பக்கத்தை ஒரே கீறலில் எடுக்கவே முடியாது. வளைவின் ஆழத்தை மூன்று நான்கு மெல்லிய பிறைகளாகப் பிரித்து, வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீறி எடுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். கடைசி ஒரு மி.மீ.யை, விளிம்பைத் தேய்க்கும் கிரைண்டரிடம் விட்டுவிடலாம். அப்படியும் திரும்பத் திரும்ப அதே துண்டு உடைகிறது என்றால், உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள், வரைபடத்தைத் திருத்துங்கள். உள்வளைவின் ஆழப் புள்ளியிலிருந்து ஒரு கோட்டை வெளியே இழுத்து, துண்டை இரண்டாக்கிவிட்டால் தீர்ந்தது. கைதேர்ந்தவர்களின் வரைபடங்களில் இலைக் காம்பும் கிளையும் எங்கே போகின்றன என்று பாருங்கள். பாதிக்குமேல் இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே முளைத்திருக்கும்.

மேடுபள்ளமான கண்ணாடியை வழவழப்பான பக்கத்தில்தான் கீற வேண்டும். வழவழப்பான பக்கம் பேனலின் பின்பக்கமாக அமைந்தால், வரைபடத்திலிருந்து வெட்டியெடுத்த தாள் துண்டைக் கவிழ்த்து ஒட்ட வேண்டும். இதை மறந்தால் அழகாக வெட்டிய துண்டு கண்ணாடிப் பிம்பமாக வந்து நிற்கும்.

பழைய கதவு, மேசைப் பலகை, கார் சன்னல் ஆகியவற்றிலிருந்து கிடைத்த கண்ணாடி கீறியதும் பொடிப்பொடியாகச் சிதறுகிறதா? அது சூடேற்றி வலுவூட்டிய டெம்பர்டு கண்ணாடி. அதை யாராலும் வெட்ட முடியாது.

பேனல் வரைபடத்தைவிடப் பெரிதாகிவிட்டது

பெரிய வேலையை நடுவில் கைவிட வைக்கும் கோளாறு இதுதான். கணக்கைப் பாருங்கள். இரண்டடி அகலத்தில், குறுக்காக 25 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் அரை மி.மீ. மட்டும் பெரிது, கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. கடைசித் துண்டை வைக்கும்போது பேனல் 12 மி.மீ.க்கு மேல் வளர்ந்திருக்கும். சட்டத்துக்குள் நுழையாது.

எல்லாரும் செய்வது, கடைசி வரிசையை மட்டும் தேய்த்துச் சரிக்கட்டுவது. இதை நான் ஏற்பதில்லை. ஓரப் பட்டை ஒரு பக்கம் 20 மி.மீ., மறுபக்கம் 8 மி.மீ. என்று வந்தால், மற்ற வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பார்ப்பவர் கண் அந்த ஓரத்தில்தான் போய் நிற்கும்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். வெட்டுவதற்கு ஒரு பிரதி, அடுக்குவதற்கு ஒரு பிரதி என்று இரண்டு வைத்திருப்பீர்கள். இரண்டும் ஒரே அளவா? நகல் இயந்திரத்தில் தனித்தனியாகப் பெரிதாக்கிய தாள்களை ஒட்டியிருந்தால் அநேகமாக இருக்காது. மூலைக்கு மூலை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். அடுத்து, தாள் ஈரத்தை உறிஞ்சி விரிந்ததா? மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் தாள் விரியும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் விரியாது. அடுக்கும் பிரதிக்குப் பிளாஸ்டிக் படலம் சிறந்தது. கிரைண்டர் தண்ணீரில் நனைந்த தாள் துண்டை அளவுகோலாக நம்பவே கூடாது. அதற்குப் பதிலாக, அழியாத மையால் கண்ணாடியில் கோடு போட்டு அதன் மேல் வாஸலின் மெல்லப் பூசிவிட்டால் தண்ணீரில் கோடு கரையாது.

இரண்டும் சரி என்றால் கோட்டின் தடிமன்தான் குற்றவாளி. பேனாக் கோடு 1 மி.மீ. இருந்து, ஒரு துண்டை உள்விளிம்பிலும் பக்கத்துத் துண்டை வெளிவிளிம்பிலும் வெட்டினால் தடிமன் முழுவதும் அளவில் ஏறிவிடும். மெல்லிய பேனாவால் வரையுங்கள். எப்போதும் கோட்டின் உள்பக்கம் வெட்டுங்கள். தாளை வெட்டுவதற்கென்றே மூன்று அலகுள்ள கத்தரி உண்டு. துண்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 0.8 மி.மீ. பட்டையை அது தானாக நீக்கிவிடும். நாடாவும் பற்றாசும் உட்காரும் இடம் அது. ஈயச் சட்ட முறைக்கான கத்தரி இதைவிட அகலமான பட்டையை எடுக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் கடையில் கவனித்து வாங்குங்கள்.

வளர்ச்சி வராமல் தடுக்கும் வழி: பலகையின் ஒரு மூலையில் இரண்டு மரச்சட்டங்களைச் செங்கோணமாக ஆணியடித்து, அந்த மூலையிலிருந்து அடுக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு துண்டின் இருபுறமும் வரைபடக் கோடு மெல்லியதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு மறைந்துவிட்டால் அந்தத் துண்டை அப்போதே தேய்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வளர்ந்துவிட்டதா? வெளிச்சப் பலகையில் மூல வரைபடத்தை அடியில் வைத்து, நகர்வு எந்த வரிசையில் தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் நான்கைந்து துண்டுகள்தான் காரணமாக இருக்கும். வானம், இலை, தண்ணீர் போன்ற பின்னணித் துண்டுகளில் தேய்த்துக் குறையுங்கள். முகத்தையும் கையையும் தொடாதீர்கள். அரை மி.மீ. தேய்த்தால் மூக்கே மாறிவிடும்.

நாடா ஒட்டவில்லை, ஒட்டியதும் உரிகிறது

கண்ணாடி பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் விளிம்பில் கட்டர் எண்ணெய், கிரைண்டர் தூள், சற்று முன் நாமே பூசிய வாஸலின் மூன்றும் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல் துலக்கியும் போதும். விளிம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுவதும் உலரவிட்டு நாடா சுற்றுங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் பசை பிடிக்காது. ஓரிரு துண்டுகளைக் கழுவாமல் விட்டுவிட்டுப் பிறகு எந்தத் துண்டு என்று தேடுவதைவிட, முப்பது முப்பதாகக் கழுவித் துணியில் பரப்பிவைப்பது நல்லது.

சுற்றிய பிறகு தேய்க்கும் கட்டையால் மூன்று பக்கமும் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதலில் விளிம்பு, பிறகு இரு முகங்கள். நாடாவின் இரு முனைகளும் 5, 6 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். அந்த ஏற்றம் பேனலின் வெளிவிளிம்பில் வரக்கூடாது. அங்கே வந்தால் முதலில் பிரிவது அதுதான்.

உள்வளைவில் நாடா கிழிவது வழக்கம். மெதுவாக, நடுவிலிருந்து வெளியே இழுத்து மடித்தால் பெரும்பாலும் தாங்கும். கிழிந்தால் ஒரு சிறு துண்டு நாடாவை மேலே ஒட்டி, கூர்மையான கத்தியால் ஓரத்தைச் சீராக்கினால் போதும். அப்படியே விட்டால் அந்த V வடிவம் பற்றாசிலும் அச்சாகத் தெரியும்.

நாடா பழுப்பேறியிருந்தால் பற்றாசும் பிடிக்காது. நூல்போன்ற நயமான எஃகுக் கம்பளியால் லேசாகத் தேய்த்தால் செம்பு பளிச்சென்று வரும். நாடாச் சுருளைக் காற்றுப் புகாத பையில் வைப்பது நம் ஊர் ஈரக் காற்றுக்குக் கட்டாயம். நாடா சுற்றிய துண்டுகளை மாதக்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது.

விளிம்பில் செதில் தெரிகிறது, அல்லது கண்ணாடிக்குள் செம்பு நிறம் தெரிகிறது

5.6 மி.மீ. அகல நாடாவை 3 மி.மீ. கண்ணாடியில் நடுவில் வைத்துச் சுற்றினால் ஒவ்வொரு முகத்திலும் 1.3 மி.மீ. மடியும். 4.8 மி.மீ. நாடா என்றால் 0.9 மி.மீ.தான். விளிம்பில் கண்ணாடி பெயர்ந்த செதில் இதைவிட ஆழமாக இருந்தால் மறையாது. துண்டை மாற்றுங்கள், அல்லது அந்த இடத்துக்கு மட்டும் அகல நாடா போடுங்கள். அகலத்தை வேண்டுமென்றே மாற்றுவது நல்ல உத்தியும்கூட: உருவத்தின் வெளிக்கோட்டுக்கு அகலம், இலை நரம்புக்கு ஒல்லி. எல்லாக் கோடும் ஒரே தடிமனாக இருக்கும் பெரிய பேனல் தூரத்திலிருந்து வலைபோலத் தெரியும்.

செதில் நிறைய வருகிறது என்றால் கிரைண்டரில் துண்டை அழுத்தித் தள்ளுகிறீர்கள், அல்லது வைரப் பூச்சுள்ள உருளை தேய்ந்துவிட்டது. விளிம்பில் வெள்ளைப் பசை சேர்ந்தால் தண்ணீர் போதவில்லை.

ஒளி ஊடுருவும் கண்ணாடியில் நாடாவின் உட்புறம் தெரியும். அதனால்தான் உட்புறம் கறுப்பாகவும் வெள்ளி நிறமாகவும் நாடாக்கள் விற்கிறார்கள். பற்றாசுக் கோட்டைக் கறுப்பாக்கப் போகிறீர்கள் என்றால் கறுப்பு உட்புறம் வாங்குங்கள். பற்றவைத்த பிறகு இதற்குப் பரிகாரமே இல்லை.

பற்றாசு இடுக்கு வழியே மறுபக்கம் ஒழுகுகிறது

இடைவெளி ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தால் ஒழுகத்தான் செய்யும். வெட்டும் மேசையில் தவறியதை இங்கே ஈடுகட்டுகிறோம். அடியில் ஈரத்துணியை மடித்து வைத்தோ பின்பக்கம் காகித ஒட்டுநாடா ஒட்டியோ முதலில் இடைவெளியை நிரப்பி, ஆறவிட்டு, பிறகு மேற்கோட்டை எழுப்புங்கள்.

எந்தப் பற்றாசு என்பதும் முக்கியம். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம் கொண்ட கலவை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190 டிகிரிக்குள் முழுவதும் நீர்த்துவிடும். பாதிக்குப் பாதி கலவையும் அதே 183இல்தான் தொடங்கும். முழுவதும் நீர்க்க ஏறத்தாழ 215 வரை போக வேண்டும். இடைப்பட்ட அந்த முப்பது டிகிரியில் அது கூழாக இருக்கிறது. ஆகவே இடுக்கை அடைக்கவும் பின்பக்கத்துக்கும் பாதிக்குப் பாதி. முன்பக்கம் உருண்டு திரண்ட கோட்டுக்கு 60/40. இரண்டு சுருளையும் மேசையில் வைத்திருங்கள்.

பின்பக்கம் வேலை செய்யும்போது முன்பக்கக் கோடு இளகிச் சொட்டினால் நீங்கள் ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்கிறீர்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு ஓர் அடி தள்ளி வேறு இணைப்புக்குப் போங்கள். ஆறியபின் திரும்பி வரலாம். பெரிய பேனலில் இருக்கும் ஒரே வசதி இது: போவதற்கு எப்போதும் வேறு இடம் உண்டு.

கோடு முள் முள்ளாக, சுருக்கமாக, தட்டையாக வருகிறது

முள்போல எழும்பினால் சூடு போதவில்லை, அல்லது பற்றாசு பிடிப்பதற்காக நாடாமேல் பூசும் ஃப்ளக்ஸ் காய்ந்துவிட்டது. ஆறுமுன் அசைத்தால் சுருக்கம் விழும். தட்டையாக இருந்து நாடாவின் ஓரம் தெரிந்தால் பற்றாசு குறைவு, தாராளமாக ஊட்டுங்கள். சிறு குழிகள் தெறித்தால் அடியில் சிக்கிய ஃப்ளக்ஸ் கொதித்து வெளியேறுகிறது. அதிகப்படியைத் துடைத்து மறுபடி இளக்கினால் குழி மூடும்.

சூடு போதவில்லை என்றால் உடனே சால்டரிங் அயர்னை மாற்றக் கிளம்பாதீர்கள். முனை கறுத்திருக்கிறதா? கறுப்புப் படலம் சூட்டைக் கடத்தாது. நவச்சாரக் கட்டியில் தேய்த்து, புதுப் பற்றாசு பூசி வெள்ளியாக்குங்கள். மேலே மின்விசிறி சுற்றுகிறதா? புகையை வெளியேற்றும் விசிறி வேண்டும், ஆனால் காற்று பேனலின் மேல் நேராக வீசக் கூடாது. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத அயர்ன் என்றால் மின்னழுத்தத்தையும் கவனியுங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த 100 வாட் அயர்ன், 200 வோல்ட்டில் 76 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். மாலையில் திடீரென்று கோடு கெடுவதற்கு இது போதுமான காரணம். கட்டுப்பாடு உள்ள அயர்னில் 370 முதல் 400 டிகிரி வரை வைத்து, அகலமான உளிமுனையைப் பயன்படுத்துங்கள். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ஊசிமுனை அயர்ன் இதற்கு ஆகாது.

பற்றவைக்கும்போது, அல்லது சில நாள் கழித்து, கண்ணாடியில் விரிசல்

சூட்டினால் வந்த விரிசல் அநேகமாக இணைப்பின் ஓரத்தில் தொடங்கி உள்ளே வளைந்து போகும். ஒரே இடத்தில் நின்றதும், ஒரே இணைப்பை அழகுபடுத்த ஐந்தாறு முறை இளக்கியதும் வழக்கமான காரணங்கள். ஒல்லியான நீண்ட துண்டும் ஆழ்ந்த உள்வளைவும் முதலில் பலியாகும். சில நாள் கழித்துத் தானாக விழும் விரிசலுக்கு வேறு காரணம்: விளிம்பில் மறைந்திருந்த நுண்விரிசல், அல்லது பக்கத்துத் துண்டோடு இடைவெளியே இல்லாமல் இறுக்கியது. சூட்டில் விரியும் கண்ணாடிக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

நடுவில் இருக்கும் ஒரு துண்டு போய்விட்டால் பேனலைப் பிரிக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கெட்ட துண்டின் மேல் கட்டரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். பின்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டினால் நடு நொறுங்கும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சில்லுகளை இடுக்கியால் எடுங்கள். எடுக்கும்போது பக்கத்துத் துண்டின் மேல் ஊன்றி நெம்பினால் அதுவும் சேர்ந்து போகும். பிறகு எஞ்சிய பழைய நாடாவின் ஒரு முனையை அயர்னால் இளக்கி, இடுக்கியால் பிடித்து, இளக்கிக்கொண்டே உரித்தெடுங்கள். பொறுமை வேண்டிய கட்டம் இது. இடைவிட்டு ஆறவைத்துச் செய்யாவிட்டால் ஒரு துண்டைக் காப்பாற்றப் போய் மூன்று துண்டு விரிசல் விடும். சுற்றியுள்ள துண்டுகளின் நாடா சுத்தமாகத் தெரிந்ததும், துளையின் அடியில் தாள் வைத்துப் புது வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். பழைய தாள் துண்டை நம்ப வேண்டாம்; பற்றாசு சேர்ந்தபின் துளையின் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கும். புதுத் துண்டு தடையின்றி உள்ளே இறங்க வேண்டும். அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

அதே கண்ணாடித் தகட்டில் மிச்சம் இல்லாவிட்டால்? ஒவ்வொரு தகட்டிலும் மேகமும் நரம்பும் வேறு என்பதால், வேலை முடிந்து ஓராண்டு வரை வெட்டியதில் மிஞ்சியதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். கடைசி வழி, விரிசலின் மேல் இருபுறமும் ஒல்லியான நாடா ஒட்டிப் பற்றாசு பூசி, அதையும் வரைபடக் கோடாக்கிவிடுவது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பாவின் பழைய தேவாலயச் சாளரங்களில் நூற்றாண்டுகளாக உடைந்த இடமெல்லாம் இப்படி ஒட்டு ஈயக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். ஆனால் முகத்தின் குறுக்கே போடாதீர்கள். அங்கே துண்டைத்தான் மாற்ற வேண்டும்.

தூக்கும்போது பேனல் வளைகிறது

வரைபடத்தை எடுத்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை தடையில்லாமல் போகும் நேர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தொடுவானம், தரைக்கோடு, ஓரப்பட்டையின் உள்கோடு ஆகியவைதான் வழக்கமாக அகப்படும். அந்தக் கோட்டில் பேனல் கதவுக் கீல்போல மடங்கும். வரையும் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு மரத்தையோ கொக்கின் கழுத்தையோ அந்தக் கோட்டின் குறுக்கே கொண்டுபோய்விடலாம்.

எடையையும் கணக்கிடுங்கள். 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. மூன்றடிக்கு இரண்டடி பேனலில் கண்ணாடி மட்டும் நான்கு கிலோவுக்கு மேல். பற்றாசும் சட்டமும் இதற்கு மேல். அந்த எடையை மென்மையான உலோகக் கோடுகள்தான் தாங்குகின்றன. ஆகவே இந்த அளவுக்கு மூன்று ஆதாரம் வேண்டும்: சுற்றிலும் துத்தநாகச் சட்டம், நாடா சுற்றிய துண்டுகளுக்கு நடுவே, மேலிருந்து கீழாகக் கோட்டோடு வளைந்து போகும் மெல்லிய செம்புப் பட்டை, இன்னும் பெரிதானால் பின்பக்கம் குறுக்கே ஓர் உலோகக் கம்பி. செம்புப் பட்டையைப் பற்றவைப்பதற்கு முன்பே நுழைக்க வேண்டும். முடிந்த பேனல் வளைகிறது என்றால் பின்பக்கக் கம்பி ஒன்றுதான் மிச்சம். சட்டத்தின் இரு பக்கமும் தொடும்படி, முன்னிருந்து பார்த்தால் ஏதாவது ஒரு கோட்டுக்குப் பின்னால் மறையும்படி பற்றவையுங்கள்.

நான்கு அடியைத் தாண்டும் ஆசை இருந்தால் ஒரே பேனலாகச் செய்யாதீர்கள். இங்கிலாந்தின் யார்க் பேராலயத்தில் 1405 முதல் 1408 வரை ஜான் தோர்ன்டன் செய்த கிழக்குப் பெருஞ்சாளரம் ஒரு டென்னிஸ் ஆடுகளத்துக்கு ஒப்பான பரப்பு என்பார்கள். அது 311 தனித்தனி பேனல்களால் ஆனது. ஒவ்வொன்றையும் ஒருவர் மேசையில் வைத்து வேலை செய்யலாம். எடையைத் தாங்குவது கல்லும் இரும்பும்.

தூக்கும் முறையும் உண்டு. படுக்கைவாட்டில் ஒருபோதும் தூக்காதீர்கள். பலகையோடு மேசை விளிம்புவரை நகர்த்தி, பலகையோடு சேர்த்தே நிமிர்த்தி, செங்குத்தாகத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

தொங்கவிட்ட வளையம் பிய்ந்து வருகிறது

வளையத்தை வெளிவிளிம்பு நாடாவில் மட்டும் பற்றவைத்திருப்பீர்கள். அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பசை. எடை முழுவதும் பசையில் தொங்கினால் நாடா உரிந்து, துண்டுகள் கீழே இறங்கும். இரண்டு துண்டுகள் சந்திக்கும் இணைப்பின் உச்சியில், வளையத்தின் கம்பி கோட்டுக்குள் சில செ.மீ. இறங்கிப் புதையும்படி வைக்க வேண்டும். துத்தநாகச் சட்டம் உள்ள பேனலில் வளையத்தைச் சட்டத்தின் மூலையில் வையுங்கள். சங்கிலி இரண்டும் நேர் மேலே போகட்டும். ஒரே ஆணியில் முக்கோணமாக மாட்டினால் மேல்மூலைகள் உள்நோக்கி இழுபடும்.

கோட்டின் மேல் வெள்ளைப் பொடி, கறுப்பு திட்டுத்திட்டாக

கழுவியதில் மிஞ்சிய ஃப்ளக்ஸ்தான் முதல் காரணம். அன்றைய வேலையை அன்றே கழுவுங்கள். 'இன்னும் பாதி இருக்கிறது, முடித்ததும் கழுவலாம்' என்று இரவு முழுவதும் விடுவதுதான் பெரிய பேனல்களைக் கெடுப்பது. சமையல் சோடா கரைத்த நீர் அமிலத்தை முறிக்கும். பிறகு சோப்பு, பிறகு நல்ல தண்ணீர். கிணற்று நீரும் குழாய் நீரும் உப்பாக உள்ள ஊர்களில் கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் வடிநீர் வாங்குங்கள்.

நன்றாகக் கழுவியும் சில மாதங்களில் வெண்மை பூக்கிறது என்றால் பேனலைச் சுற்றியுள்ள காற்றைச் சந்தேகியுங்கள். புது மரமும் ஒட்டுப்பலகையும் வெளியிடும் அமில ஆவி, புளிப்பு வாடை வீசும் சிலிக்கோன் பசை ஆகியவை மூடிய பெட்டிக்குள் ஈயத்தை அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி ஈயச் சேர்மம், நச்சு. ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். பிறகு மெழுகு பூசி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

கறுப்புப் பூச்சான பேட்டினா திட்டாகப் பிடித்தால் பற்றாசின் மேல் ஆக்சைடு படலம் இருக்கிறது. எஃகுக் கம்பளியால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கழுவி உலர்த்தி, அன்றே பூசுங்கள். துத்தநாகச் சட்டம் பற்றாசைப்போல நடந்துகொள்ளாது. செம்பு நிறப் பேட்டினா அதன் மேல் கறுத்துவிடும். சட்டமும் கோடும் ஒரே நிறத்தில் வர வேண்டுமானால் செம்பு நிற ஆசையை விட்டுவிட்டுக் கறுப்பையே தேர்ந்தெடுங்கள்.

மாட்டிய பிறகு உருவமே தெரியவில்லை

மேசைமேல் வைத்து நிறம் தேர்ந்தெடுத்ததன் விளைவு. கண்ணாடியின் நிறம் பின்னால் வெளிச்சம் வந்தால் மட்டுமே தெரியும். பால்போன்ற ஒளிபுகாக் கண்ணாடி மேசையில் பளிச்சிட்டு சன்னலில் மங்கிவிடும். பக்கத்தில் தெளிந்த கண்ணாடி இருந்தால் அங்கே ஓட்டை விழுந்ததுபோல ஒளி கொட்டும். உருவத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாட்டைவிட ஒளி விடும் அளவில் வேறுபாடு வேண்டும். முடிந்த பேனலில் மாற்ற முடிந்தது ஒன்று: அதிகம் ஒளி விடும் சில துண்டுகளுக்குப் பின்னால் அதே வடிவில் இன்னொரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன் விளிம்பையும் பற்றவைத்துவிடலாம். இரட்டைக் கண்ணாடியாக அடுக்குவதை டிஃபானி பட்டறையில் வேண்டுமென்றே செய்தார்கள். நடுவில் தூசியும் ஃப்ளக்ஸும் நுழையாதபடி இரு முகங்களையும் துடைத்து, ஓரத்தை முழுவதும் மூட வேண்டும். எடை கூடுவதால் வளையத்தையும் பின்கம்பியையும் மறுபடி சோதித்துவிட்டு மாட்டுங்கள்.